இலவச நலோக்சோன் பையும் அதற்குள் இருக்க வேண்டிய இன்னொரு தாளும்

கடந்த ஒன்றரை ஆண்டில், ரொறொன்ரோ நகரின் ஸ்காபுரோ பகுதியில் உள்ள மூன்று மருந்தகங்களுக்குப் போய் இலவச நலோக்சோன் பையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று எங்கள் வீட்டுக்கு, இன்னொன்று வளர்ந்த பிள்ளைகள் இருவர் இருக்கும் என் தங்கையின் வீட்டுக்கு, மூன்றாவது நான் கணக்கெழுதும் சிறிய அலுவலகத்தின் முதலுதவிப் பெட்டிக்கு. ஹெரோயின், மோர்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்ட் வகைப் பொருள்கள் உடல் தாங்க முடியாத அளவில் சென்று மூச்சு அடங்கத் தொடங்கும்போது, அந்த மூச்சைத் தற்காலிகமாகத் திருப்பிக் கொண்டுவரும் மருந்துதான் நலோக்சோன். கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசு தன் செலவில் 2016 முதல் இதை மருந்தகங்கள் வழியாகப் பொதுமக்களுக்கு வழங்கி வருகிறது. மருத்துவரின் சீட்டும் தேவையில்லை, காசும் தேவையில்லை. இந்தச் சேவை எப்படி இருக்கிறது, பைக்குள் என்ன இருக்கிறது, கொடுப்பவர்கள் எதைச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதை, வாங்கப் போகும் ஒருவருக்குப் பயன்படும் வகையில் எழுத முயன்றிருக்கிறேன்.

நான் இதைத் தேடிப் போனதற்குக் காரணம் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நடந்த ஒரு சம்பவம். அங்கே வாடகைக்கு இருந்த தம்பிக்கு அப்போது இருபத்துமூன்று வயது இருக்கும். ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மேல், கீழே தண்ணீர் விடாமல் ஓடும் சத்தமும் அதனூடாகக் குறட்டை போன்ற ஒரு கரகரப்பும் கேட்டு இறங்கிப் போனேன். அவனுடைய நண்பர்கள் இருவர் அவனைக் குளியலறைக்குள் இழுத்துக் கிடத்தி, முகத்தில் குளிர்ந்த நீரை அடித்துக்கொண்டிருந்தார்கள். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க நான் தொலைபேசியை எடுத்ததும் அவர்களில் ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, 911க்கு மட்டும் அடிக்காதேங்கோ, பொலிஸ் வந்தால் எங்கட கதை முடிஞ்சுது" என்றான். அவன் படிப்பதற்கான விசாவில் வந்தவன். மற்றவன் ஏதோ ஒரு வழக்கில் பிணையில் இருந்தான். நான் இறங்கி வருவதற்கு முன்பே இருபது நிமிடங்களாக இருவரும் இதைப் பற்றியே விவாதித்துக்கொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் அழைத்தேன். தீயணைப்புப் படையினரும் அம்புலன்சும் வந்தார்கள், பின்னாலேயே பொலிசும் வந்தது. மருத்துவ உதவியாளர் அவனுடைய மூக்கில் மருந்தைச் செலுத்தி, முகமூடி வைத்து மூச்சுக் கொடுத்தார். சில நிமிடங்களில் அவன் பெரிதாக மூச்சை இழுத்துக் கண் விழித்தபோது நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மேசையில் கிடந்த சிறு பொட்டலத்தைப் பொலிஸ் அதிகாரி எடுத்துக்கொண்டார், எல்லோரிடமும் நடந்ததைக் கேட்டார், போய்விட்டார். கைதும் இல்லை, வழக்கும் இல்லை. அந்த இளைஞர்கள் இதை அதிகாரியின் இரக்கம் என்று நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அது இரக்கம் அல்ல, 2017 முதல் கனடாவில் நடைமுறையில் இருக்கும் ஒரு சட்டம் என்பதை நான் அறிந்துகொள்ள மேலும் சில வாரங்கள் ஆயின. இருபது நிமிடங்கள் வீணானது அந்தச் சட்டம் இல்லாததால் அல்ல, அந்த அறையில் இருந்த எவருக்கும் அது தெரியாததால். அந்தத் தம்பி இப்போது வேறு நகரத்தில் வேலை செய்கிறான். அவனுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இனி மருந்தகங்களைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் போனது எங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கும் ஒன்று. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. மருந்து வாங்கும் வரிசையில் எனக்குப் பின்னால் தெரிந்த முகங்கள் இரண்டு நின்றுகொண்டிருந்தன. கவுண்டரில் இருந்த பெண், "யாருக்கு? உங்களுக்கா? நீங்கள் பாவிக்கிறீர்களா?" என்று எல்லோருக்கும் கேட்கும் குரலில் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஓர் அடிப்படை உண்டு. ஓபியாய்ட் பாவிப்பவர், முன்பு பாவித்தவர், அப்படிப்பட்டவருக்கு உதவக்கூடிய நிலையில் இருக்கும் குடும்பத்தினர் அல்லது நண்பர் என்ற வகையில்தான் இந்தப் பை கொடுக்கப்படுகிறது. ஆனால் அதை ஓரமாக அழைத்துக் கேட்டிருக்கலாம். நம் சமூகத்தில் ஒரு தாய் இந்தப் பையைக் கேட்டு வாங்குவதே எவ்வளவு பெரிய துணிவு என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தால், குரலைத் தாழ்த்தியிருப்பார். பை கிடைத்தது, விளக்கம் கிடைக்கவில்லை. "உள்ளே தாள் இருக்கிறது, வாசித்துப் பாருங்கள்" என்பதோடு முடிந்தது.

இரண்டாவது மருந்தகத்தில் நடந்தது இதற்கு நேர்மாறு. மருந்தாளர் என்னைத் தடுப்பூசி போடும் சிறிய அறைக்கு அழைத்துச் சென்று கதவைச் சாத்தினார். சுகாதார அட்டையைக் கேட்கவில்லை. மூக்குத் தெளிப்பு வேண்டுமா, ஊசி வேண்டுமா என்று கேட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னார். ஊசிப் பையில் மருந்து சிறு கண்ணாடிக் குப்பியில் இருக்கும். அதைத் திறந்து, ஊசியில் ஏற்றி, தொடையிலோ மேற்கையிலோ தசைக்குள் போட வேண்டும். மூக்குத் தெளிப்பு 2018 முதல் இந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. கை நடுங்கும் நேரத்தில் குப்பியோடும் ஊசியோடும் மல்லுக்கட்டுவதை நினைத்துப் பார்த்து மூக்குத் தெளிப்பையே எடுத்தேன். முதல் தடவை வாங்குபவர்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன். பத்து நிமிடங்கள் எனக்காக ஒதுக்கிய அந்த மருந்தாளரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். மூன்றாவது இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

பை ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டைவிடச் சற்றுப் பெரியது, ஜிப் வைத்தது, கைப்பையிலோ காரின் முன் அறையிலோ அடங்கிவிடும். உள்ளே 4 மில்லிகிராம் அளவுள்ள மூக்குத் தெளிப்புகள் இரண்டு, ஒரு சோடிக் கையுறை, வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும்போது இடையில் போடும் மறைப்பு, படங்களுடன் கூடிய வழிகாட்டித் தாள் ஆகியவை இருந்தன. தெளிப்பின் வடிவமைப்பை மனமாரப் பாராட்ட வேண்டும். இதில் ஊசி இல்லை, கலக்க வேண்டியது இல்லை, அளக்க வேண்டியதும் இல்லை. நுனியை ஒரு நாசித் துவாரத்துக்குள் விரல்கள் மூக்கைத் தொடும்வரை செலுத்தி, அடியில் இருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினால் முழு மருந்தும் ஒரே தடவையில் உள்ளே போய்விடும். ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டுமே பயன்படும் என்பதால், வேலை செய்கிறதா என்று முன்கூட்டி அழுத்திப் பார்க்கக் கூடாது. இதை மருந்தாளர் சொன்ன பிறகுதான், முதல் மருந்தகத்தில் வாங்கிய பையை வீட்டில் அப்படிச் சோதித்துப் பார்க்க நினைத்திருந்தேன் என்பது நினைவுக்கு வந்து பயந்துபோனேன்.

எனக்குக் கிடைத்த தாள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருந்தது. அது ஐந்து படிகளைச் சொல்கிறது: தோளைப் பிடித்து உலுக்கிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, 911ஐ அழைப்பது, நலோக்சோனைக் கொடுப்பது, மூச்சுக் கொடுப்பது அல்லது நெஞ்சை அழுத்துவது, பலன் தெரிகிறதா என்று பார்ப்பது. இரண்டு மூன்று நிமிடங்களில் மாற்றம் இல்லையென்றால் இரண்டாவது தெளிப்பைக் கொடுக்க வேண்டும். மூச்சு வந்த பிறகு ஆளை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாந்தி எடுத்தால் தொண்டையில் அடைக்காமல் இருக்க அதுதான் வழி. மூச்சு மிக மெதுவாவது அல்லது நின்றுபோவது, குறட்டை அல்லது தொண்டையில் நீர் கொப்பளிப்பது போன்ற சத்தம், நீலம் பாரித்த உதடும் நகமும், ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணி, எழுப்பினாலும் எழாமை ஆகியவை அடையாளங்கள். அன்று நான் மேலே இருந்து கேட்ட "குறட்டை" குறட்டையே அல்ல. இதைத் தமிழில் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால், அந்தச் சத்தத்தைத் தூக்கம் என்று நினைத்துப் பத்து நிமிடங்கள் பொறுத்திருக்க மாட்டேன்.

இந்த ஐந்து படிகளில் இரண்டாவதைத்தான் மக்கள் தாண்டிப் போகிறார்கள், அதைத் தாண்டக் கூடாது என்பதற்கான காரணம் மருந்தின் இயல்பிலேயே இருக்கிறது. மூச்சை இயக்கும் மூளைப் பகுதியில் ஓபியாய்ட் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. நலோக்சோன் அதே இடங்களில் இன்னும் வலுவாக ஒட்டிக்கொண்டு, அங்கிருக்கும் ஓபியாய்டைத் தள்ளிவிடுகிறது. ஆனால் தள்ளப்பட்ட பொருள் உடலைவிட்டுப் போய்விடுவதில்லை. நலோக்சோனின் வேலை ஏறத்தாழ 20 முதல் 90 நிமிடங்களில் தீர்ந்துவிடும். இரத்தத்தில் இருக்கும் ஓபியாய்ட் அதைவிட நீண்ட நேரம் நிற்கக்கூடும். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டவர், எல்லோரும் நிம்மதியாகப் படுத்த பிறகு, மறுபடியும் மூச்சடங்கிப் போகலாம். தெருவில் கிடைக்கும் பொருளில் தூக்க மாத்திரை வகைகளும் கலந்திருப்பது உண்டு, அவற்றின் மேல் நலோக்சோனுக்கு எந்தப் பிடியும் இல்லை. கொக்கெய்ன் என்றோ வலி மாத்திரை என்றோ நம்பி எடுத்தவருக்குள் ஃபென்டனில் போயிருப்பதும் நடக்கிறது. அது மோர்ஃபினைவிடப் பல மடங்கு வலிமையானது. என்ன எடுத்தார் என்று தெரியாவிட்டாலும் நலோக்சோனைக் கொடுக்கலாம். ஓபியாய்ட் இல்லாத உடலில் அது தீங்கு செய்வதில்லை. ஆயினும் அது கொடுப்பது சிறிது நேரத்தை மட்டுமே. அந்த நேரத்துக்குள் அம்புலன்ஸ் வந்து சேர வேண்டும்.

ஆகவே இந்தச் சேவையின் பயன் முழுவதும் ஒரு தொலைபேசி அழைப்பைச் சார்ந்து நிற்கிறது. அந்த அழைப்பைத் தடுக்கும் பயம் பொலிசைப் பற்றிய பயம். அந்தப் பயத்துக்கு நாடாளுமன்றம் சட்டத்தின் வழியாகவே பதில் சொல்லியிருக்கிறது. ஆனால் நான் போன மூன்று இடங்களில் எதிலும் அதைத் தாமாக எடுத்துச் சொன்னவர் இல்லை. நான் கேட்டுப் பார்த்தேன். முதல் இடத்தில், "அதெல்லாம் வழக்கறிஞரிடம் கேளுங்கள்" என்றார்கள். மூன்றாவது இடத்தில், உதவி செய்தவரைப் பிடிக்க மாட்டார்கள் என்று நினைப்பதாகச் சொன்னார்கள். அன்பாக நடத்திய இரண்டாவது மருந்தாளர் மட்டும் அப்படி ஒரு சட்டம் உண்டு என்று உறுதியாகச் சொன்னார். ஆனால் மயங்கிக் கிடப்பவருக்கும் அது பொருந்துமா என்று கேட்டபோது அவரும் தயங்கினார். மருந்தாளர்கள் சட்டம் படித்தவர்கள் அல்லர் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் "911ஐ அழையுங்கள்" என்று சொல்லும் ஒருவர், அழைப்பவருக்கு என்ன நடக்கும் என்பதையும் இரண்டு வாக்கியங்களில் சொல்ல வேண்டும். சேவையில் நான் காணும் ஒரே பெரிய குறை இதுதான்.

அந்த இரண்டு வாக்கியங்களுக்காக நான் சட்டத்தைத் தேடி வாசித்தேன். பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த லிபரல் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ரொன் மக்கினன் 2016இல் தனிநபர் சட்டமூலமாக, சி-224 என்ற எண்ணில், இதைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஏப்ரலில்தான் அவருடைய மாகாணம் ஓவர்டோஸ் மரணங்களை, அதாவது போதைப்பொருள் அளவு மீறிப் போவதால் நேரும் மரணங்களை, பொதுச் சுகாதார அவசரநிலை என்று அறிவித்தது. சட்டமூலம் 2017 மே 4 அன்று அரச ஒப்புதல் பெற்று, நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. நல்ல சமாரியன் ஓவர்டோஸ் சட்டம் என்பது அதன் பெயர். வழியில் அடிபட்டுக் குற்றுயிராகக் கிடந்தவனைத் தூக்கிச் சென்ற சமாரியனின் கதையை வேதாகமத்திலிருந்து நாம் அறிவோம். அந்தப் பெயரால் ஒரு தவறான எண்ணமும் வந்துவிடுகிறது. உதவி செய்த அயலாருக்கு மட்டும் பாதுகாப்பு என்று மக்கள் நினைத்துக்கொள்கிறார்கள். சட்டத்தின் கை அதைவிட நீளமானது. உதவி கேட்டு அழைத்தவர், உதவி வந்து சேரும்போது அங்கே இருக்கும் மற்றவர்கள், மயங்கிக் கிடப்பவர் ஆகிய எல்லோருக்கும் அது பொருந்துகிறது. வழியில் கிடந்தவனையும் சேர்த்துத்தான் அது காப்பாற்றுகிறது. தனக்கே மூச்சுத் திணறுவதை உணர்ந்து தானே அழைப்பவரையும் அது காக்கிறது.

எதிலிருந்து காக்கிறது என்பதைக் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மிகைப்படுத்திச் சொல்வதும் ஆபத்து. தடைசெய்யப்பட்ட போதைப்பொருளைத் தன் பாவனைக்காக வைத்திருந்த குற்றத்துக்கு, உதவி கேட்டதாலோ அங்கேயே நின்றதாலோ கிடைத்த ஆதாரத்தை வைத்து, அவர்கள்மேல் குற்றம் சாட்டவோ அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்க்கவோ முடியாது. பிணை, நன்னடத்தைக் கண்காணிப்பு, பரோல் போன்றவற்றில் ஏற்கெனவே இருப்பவர்கள் விதிமீறியதாகக் கருதப்படுவதிலிருந்தும் காக்கிறது. ஆனால் அந்தப் பிணையோ தண்டனையோ அதே வகைக் குற்றத்துக்காக, அதாவது தன் பாவனைக்கு வைத்திருந்ததற்காக, விதிக்கப்பட்டிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் நின்ற இரண்டாவது பெடியனுடைய பிணை வேறு காரணத்துக்கானதாக இருந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு அவனுக்கு முழுமையாக எட்டியிருக்காது. போதைப்பொருள் விற்பது, தயாரிப்பது, வேறு எந்தக் குற்றமும் இதற்குள் வராது. முன்பே பிடியாணை ஒன்று நிலுவையில் இருந்தால் அதையும் இந்தச் சட்டம் தள்ளி வைக்காது. இவற்றை மறைத்து, "பொலிஸ் ஒன்றும் செய்யாது" என்று சொல்லி அழைக்கத் தூண்டுவது நேர்மையற்றது. ஒருமுறை ஏமாந்தவர்கள் மறுமுறை அழைக்க மாட்டார்கள்.

விசாவில் இருப்பவர்களும் அகதிக் கோரிக்கையாளர்களும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: குடியுரிமை இல்லாதவருக்கு இது உண்டா? சட்டத்தின் அந்தப் பிரிவு குடியுரிமையைக் கேட்கவில்லை. எந்த ஒருவர்மேலும் குற்றம் சாட்டக் கூடாது என்றுதான் சொல்கிறது. குடிவரவு பற்றிய சொல்லும் அதில் இல்லை. தன் பாவனைக்கு வைத்திருந்த குற்றத்துக்கு வழக்கே இல்லையென்றால், அந்த வழக்கிலிருந்து வரக்கூடிய தீர்ப்பும் இல்லை. அதற்கு மேல் ஒவ்வொருவரின் நிலைமையும் வேறு. பிறகு ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பார்த்துக்கொள்ளலாம். அதைப் பார்ப்பதற்கு ஆண்டுக்கணக்கில் நேரம் உண்டு, மூச்சு நின்றவனுக்கு நிமிடங்கள்தான் உண்டு. அன்று என் கையைப் பிடித்த பெடியனிடம் நான் கோபப்பட்டேன். அவனுடைய பயத்துக்குப் பின்னால், ஊரில் காணியை விற்று அவனை அனுப்பிய தாய் தகப்பன் இருந்தார்கள் என்பதைப் பிறகு அறிந்து, அந்தக் கோபத்துக்காக வருந்தினேன். அவனுக்குத் தேவைப்பட்டது திட்டு அல்ல, தகவல்.

சட்டம் வந்த பிறகும் ஒரு பெரிய ஐயம் மிஞ்சியிருந்தது. குற்றம் சாட்டக் கூடாது, தீர்ப்பளிக்கக் கூடாது என்று எழுதிய சட்டம், கைது செய்யக் கூடாது என்று வெளிப்படையாக எழுதவில்லை. அப்படியானால் பொலிஸ் கைது செய்து, கைதோடு சேர்ந்து வரும் அதிகாரத்தால் உடலையும் பையையும் சோதித்து, பிறகு விட்டுவிடலாமா? 2020இல் சஸ்காச்சுவான் மாகாணத்தில் நடந்த ஒரு சம்பவத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. ஃபென்டனில் ஓவர்டோஸ் ஒன்றுக்காக 911 அழைக்கப்பட்டு, உதவி வரும்வரை அங்கேயே நின்றிருந்த ஒருவர், போதைப்பொருள் வைத்திருந்தார் என்று கைது செய்யப்பட்டார். தொடர்ந்து நடந்த சோதனையில் துப்பாக்கிகள் கிடைத்தன, அவற்றுக்காக வழக்குத் தொடரப்பட்டது. அது உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2025 அக்டோபரில் நீதிபதிகளின் பெரும்பான்மைத் தீர்ப்பு, அத்தகைய நிலையில் தன் பாவனைக்கு வைத்திருந்த குற்றத்துக்காகக் கைது செய்யவும் பொலிசுக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னது. உயிர் காப்பதற்காகவே நாடாளுமன்றம் இந்தப் பாதுகாப்பைக் கொடுத்தது, கைவிலங்கு காத்திருக்கிறது என்று தெரிந்தால் யாரும் அழைக்கவும் மாட்டார்கள், நிற்கவும் மாட்டார்கள் என்பதுதான் அதன் அடிப்படை.

துப்பாக்கி வைத்திருந்தவர் தப்பிவிட்டாரே என்று இந்தத் தீர்ப்பைக் குறித்து என்னிடம் முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்களுடைய சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் பார்த்த குளியலறையில் துப்பாக்கி இல்லை, மூன்று பயந்த பிள்ளைகள் இருந்தார்கள். 2016 தொடக்கத்திலிருந்து 2024 இறுதி வரை கனடாவில் ஓபியாய்ட் நச்சுத்தன்மையால் இறந்தவர்கள் 50 ஆயிரத்துக்கும் அதிகம். இந்த மரணங்களில் மிகப் பல நடப்பது தெருவில் அல்ல, வீடுகளுக்குள், கதவு சாத்திய அறைகளுக்குள். அங்கே பக்கத்தில் ஒருவர் இருந்தும் அழைக்காமல் போவதைக் குறைக்கக்கூடிய எதையும் நான் வரவேற்பேன்.

உதவப் போய் ஏதாவது தவறு நடந்தால் நட்டஈடு கேட்டு வழக்கு வருமோ என்பது இன்னொரு பயம், தகப்பன்மார் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அதற்கு ஒன்ராறியோவின் 2001ஆம் ஆண்டு நல்ல சமாரியன் சட்டம் இருக்கிறது. அது வேறு, மேலே சொன்னது வேறு. அவசர நேரத்தில், கூலி எதிர்பாராமல், அந்த இடத்திலேயே முதலுதவி செய்தவர்மேல், கடும் அலட்சியம் இருந்தால் ஒழிய, நட்டஈட்டுப் பொறுப்பு சுமத்த முடியாது என்று அது சொல்கிறது. அம்புலன்ஸ் செலவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆயிரக்கணக்கில் வரும் என்று நம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்ராறியோ சுகாதாரக் காப்புறுதி உள்ளவருக்கு மருத்துவத் தேவைக்கான பயணம் 45 டொலர். மாகாணக் காப்புறுதி இல்லாதவருக்கு 240 டொலர்.

பையை வைத்திருப்பது பற்றிச் சில அனுபவக் குறிப்புகள். மருந்தை அறை வெப்பநிலையில் வைக்க வேண்டும். இந்த ஊர்க் குளிர்காலத்தில் இரவு முழுவதும் காரில் விட்டால் உறைந்துபோகக்கூடும். நான் முதலில் காரில்தான் வைத்திருந்தேன், டிசெம்பரில் எடுத்து உள்ளே கொண்டுவந்தேன். இப்போது அது கீழ்த்தளப் படிக்கட்டின் தொடக்கத்தில், கொக்கியில் தொங்குகிறது. பூட்டிய அலமாரியில் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் சாவியைத் தேட வேண்டி வரும். தெளிப்பின் மேல் காலாவதித் திகதி அச்சிடப்பட்டிருக்கும், அதை நாட்காட்டியில் குறித்து வைத்து, முடிவதற்குள் போய் மாற்றிக்கொள்ளுங்கள். பயன்படுத்திவிட்டாலும் புதிதாகக் கேட்கலாம். 911ஐ அழைக்கும்போது, "ஆள் எழும்பவில்லை, மூச்சு விடவில்லை" என்பதையும் முகவரியையும் முதலில் சொல்லுங்கள். கீழ்த்தளம் என்றால் எந்தக் கதவு, அடுக்குமாடி என்றால் எந்த எண் என்பதையும் சொல்லுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். மருத்துவ உதவியாளர் வந்ததும் என்ன எடுத்தார், எத்தனை தெளிப்புக் கொடுத்தீர்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மருந்தையும் அதன் வடிவமைப்பையும், இதை விலையின்றிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் வைத்துப் பார்த்தால் ஐந்துக்கு ஐந்து கொடுக்கத் தயங்க மாட்டேன். கவுண்டரில் நடத்தும் விதத்துக்கு அப்படி ஒரே மதிப்பெண் கொடுக்க முடியாது, அது நீங்கள் சந்திக்கும் ஆளைப் பொறுத்தது. முதல் இடத்தில் முகம் வாடினால் அடுத்த மருந்தகத்துக்குப் போங்கள். சட்டத்தைச் சொல்லும் விடயத்தில் நான் கண்ட சேவை பாதியில் நின்றுவிடுகிறது. அதற்காக நானே ஒரு தாளில் தமிழில் எழுதி, எங்கள் மூன்று பைகளுக்குள்ளும் மடித்து வைத்திருக்கிறேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: "911ஐ அழையுங்கள். அழைத்தவரையும், கூட நிற்பவரையும், மயங்கிக் கிடப்பவரையும், தன் பாவனைக்குப் போதைப்பொருள் வைத்திருந்ததற்காகக் கைது செய்யவோ வழக்குப் போடவோ சட்டம் இடம் கொடுக்காது. விற்பனை, பழைய பிடியாணை, வேறு குற்றங்கள் இதில் அடங்காது. அம்புலன்ஸ் வரும்வரை விட்டுப் போகாதீர்கள்."

போன மாதம் தங்கை வீட்டுப் பையை மாற்றுவதற்காக அந்த இரண்டாவது மருந்தாளரிடம் போனபோது இந்தத் தாளைக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. வரி வரியாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டார். மயங்கிக் கிடப்பவரைப் பற்றிய வரிக்கு வந்ததும் நிறுத்தி, அதை இன்னொருமுறை சொல்லச் சொன்னார். பிறகு தாளை வாங்கிக்கொண்டு பின்னால் இருக்கும் பிரதி எடுக்கும் இயந்திரத்தை நோக்கிப் போனார்.